ஆலாவின் முட்டை

சித்திரை மாதத்தில் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினோம். கையில், 1941-இல் முதன்முதலாக வெளிவந்த ஸலீம் அலியின் பறவை நூல். மனத்திலோ, பட்சி சாஸ்திரம் நம்மைப்போல் கற்றவர் யார் என்ற கர்வம்! பாறைமேல் சிறகு உலர்த்திய நீர்க்காகத்தையும், கரையில் பொன் சொரிந்த சரக்கொன்றையையும் குறித்துக்கொண்டோம்.

கட்டுச்சோறு உண்ண மணல் திட்டில் இறங்கினோம். "நில்லுங்க ஐயா!" என்று அலறினார் பரிசல்காரர். குனிந்து பார்த்தால், பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில், மணல் நிறத்திலேயே மூன்று முட்டைகள்! கூடென்று ஒரு துரும்பும் இல்லை. மஞ்சள் மூக்கு ஆலா தலைக்குமேல் கதறி வட்டமிட்டது. கோடையில் நீர் வற்றி மணல் தெரியும்போது அது முட்டையிடும் என்று படித்தவர்கள்தாம் நாம், கண்டவரோ அவர்.

சோற்றைப் பரிசலிலேயே உண்டோம். ஆற்று மணலை வாரும் லாரிகளிடம் "நில்!" என்று அலற யார் இருக்கிறார்கள் என்பதே அன்று முதல் நமது கவலை.