குறைந்துபோன கால் லிட்டர்

ஒரு படி பட்டாணியையும் ஒரு படி கடுகையும் ஒன்றாகக் கொட்டி அளந்தால் இரண்டு படி தேறாது. எங்கள் மேலப்பாளையத்துக் கடைத்தெருவில் எடுபிடி வேலை பார்க்கும் சிறுவனும் இதனை அறிவான். பட்டாணியின் இடுக்குகளில் கடுகு போய் அமர்ந்துகொள்ளும். ஆனால் திரவங்களுக்கும் இத்தகைய கணக்கு உண்டென்றால் படித்தவர்களும் சற்றே தயங்குவர். கண்ணுக்கு இடைவெளி தெரியாத பொருளன்றோ அது! எனினும், 50 மில்லிலிட்டர் தூய எத்தில் ஆல்கஹாலுடன் 50 மில்லிலிட்டர் நீரைச் சேர்த்தால் கிடைப்பது நூறன்று, ஏறத்தாழ 96.5 மில்லிலிட்டரே.

பாடநூலில் இஃது ஒரு வரிச் செய்தி. அந்த ஒரு வரியை நம்பி ஒரு மனிதரின் மானம் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

தாமிரபரணிக் கரையோரத்துக் கல்லூரி ஒன்றில் நான் டெமான்ஸ்டிரேட்டராக இருந்த காலம். மதுவிலக்குச் சட்டத்தின் காரணமாக, ஆய்வகத்துக்கு வரும் ஸ்பிரிட்டுக்குச் சொட்டுச் சொட்டாகக் கணக்கு வைக்க வேண்டும். எங்கள் ஆய்வகப் பணியாளரை எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். அவர் 4 லிட்டர் ஸ்பிரிட்டில் 4 லிட்டர் நீர் கலந்து வைத்திருந்தார். தணிக்கைக்கு வந்தவர் அளந்து பார்த்தார். எட்டு லிட்டருக்குப் பதில் ஏழேமுக்கால் லிட்டரே இருந்தது. “மீதிக் கால் லிட்டரைக் குடித்தது யார்?” என்று மாணவர் முன்னிலையிலேயே கேட்டார். விளக்கம் கோரும் குறிப்பாணையும் எழுதப்பட்டது. “ஆண்டவன் அறிய ஒரு சொட்டும் வெளியே போகவில்லை, தம்பி” என்றார் அண்ணாச்சி. அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் தராசை எடுத்து வைத்தேன். 100 மில்லிலிட்டர் ஸ்பிரிட் 81 கிராம். 100 மில்லிலிட்டர் நீர் ஏறக்குறைய 100 கிராம். தணிக்கையாளர் கையாலேயே இரண்டையும் ஒரு குடுவையில் ஊற்றி மூடச் செய்தேன். குடுவை வெதுவெதுப்பாயிற்று. அது ஆறும்வரை காத்திருந்தோம். எடை 181 கிராம், அணுவளவும் குறையவில்லை. பருமனோ 194 மில்லிலிட்டர்! அவர் இருமுறை அளவுகோட்டைப் பார்த்தார். பின்பு குறிப்பாணையை மடித்துத் தம் பையிலே வைத்துக்கொண்டார். அதுமுதல் அந்தப் பதிவேட்டில் எடைக்கென்று தனியாக ஒரு பத்தி இடம்பெற்றது.

ஏன் இவ்வாறு சுருங்குகிறது? இடுக்கில் புகுவது ஒரு காரணமேயன்றி முழுக் காரணமன்று. நீரின் மூலக்கூறுகளும் ஆல்கஹாலின் மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றி நெருங்குகின்றன. குடுவையில் எழுந்த வெப்பம் அந்த நெருக்கத்தின் அடையாளம். எல்லாத் திரவங்களும் இப்படி நெருங்குவதில்லை. பென்சீனும் சைக்ளோஹெக்சேனும் சேர்ந்தால் பருமன் சற்றே கூடுகிறது. மனிதர்களைப் போலவே, சேர்க்கைக்கேற்ப அவற்றின் குணமும் மாறுகிறது.

பருமன் மட்டுமன்று, பிற பண்புகளும் சராசரிக் கணக்குக்கு அடங்குவதில்லை. 25 பாகை வெப்பத்தில், நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். ஆல்கஹாலில் 1150 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. குறிப்பிட்ட விகிதத்தில் இரண்டையும் கலந்தால், ஒலியின் வேகம் நீரில் உள்ளதையும் மிஞ்சிவிடுகிறது! கலவையின் பாகுநிலையோ இரண்டினுடையதைப் போலவும் இரு மடங்கிற்கு மேல் உயர்கிறது. நம் கல்லூரிகளின் ஆய்வு மாணவர் பலர் அடர்த்திக் குப்பி, ஆஸ்வால்டு பாகுநிலைமானி, மீயொலிக் கருவி ஆகியவற்றைக் கொண்டு இத்தகைய இருதிரவக் கலவைகளையே ஆராய்கின்றனர். கருவியைச் சுற்றி வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டி இருக்கும். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் அஃது இன்றியமையாதது. பத்துப் பாகை வெப்பம் ஏறினால் ஒரு லிட்டர் ஆல்கஹால் பத்து மில்லிலிட்டருக்கு மேல் பெருகிவிடும்.

இந்த நுட்பம் பழமையானது. இடம்பெயரும் நீரை மூக்குக் குழாய் வழியே வடியச்செய்து பொருள்களின் ஒப்படர்த்தியை அளந்தார் அல்பிரூனி. மெர்வ் நகரத்து அல்காஸினி 1121இல் இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூல் அந்த முடிவுகளைக் காத்துத் தந்தது. ‘ஞானத் தராசு’ என்பது அப்பெயரின் பொருள். 1865இல் ருஷ்ய அறிஞர் மெண்டலீவ் தம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே ஆல்கஹாலும் நீரும் கலக்கும் விதந்தான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர் 96.5 என்று எழுதி வந்தால், ‘சிந்திவிட்டாயா?’ என்று அதட்டாதீர்கள். அதட்டினால், அடுத்த முறை அவர் 100 என்று எழுதிவிடுவார். அளந்ததை அளந்தபடி எழுதுவதும் ஓர் அமானிதமே. குறைவு கண்ட இடத்தில், கையை ஐயுறுமுன் தராசைக் கேட்பதே முறை.