வியாழக்கிழமை டாக்டர்

எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவரிடம் ‘எங்கே காட்டுறீங்க?’ என்று கேட்டால் ஆஸ்பத்திரி பெயர் வராது, டாக்டர் பெயர்தான் வரும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய் டாக்டர் ஜெயச்சந்திரன் இருந்தவரை, காசிமேட்டிலும் ராயபுரத்திலும் எத்தனையோ வீடுகளுக்கு அவர்தான் ஆஸ்பத்திரி. 2018 டிசம்பரில் அவர் இறந்தார். வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம், அவரும் ஐந்து ரூபாய்தான், 2020 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். இறந்துபோன டாக்டருக்காகத் துக்கப்பட ஒரு முறை இருக்கிறது. மாலை போடலாம், போஸ்டர் ஒட்டலாம், கடையில் படம் மாட்டலாம். ஆனால் உயிரோடு, சௌக்கியமாக, வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொருவர் வயிற்றைத் திறந்துகொண்டிருக்கும் டாக்டரை நினைத்து ஏங்குவதற்கு என்ன முறை? எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை. வீடு எர்ணாவூர். எப்போது தொற்றியது என்றே தெரியாத ஹெபடைடிஸ் பி, சத்தமில்லாமல் கல்லீரலைச் சுருக்கிவிட்டிருந்தது. கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ராத்திரியில் பினாத்த ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் பயந்தார்கள். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் கொடுத்த கல்லீரல் இப்போது எனக்குள் இருக்கிறது. அவர் யாரென்று சொல்லமாட்டார்கள், அதுதான் முறை. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போலீஸ் வழிவிட்டு அவன் இதயம் முகப்பேருக்குப் பறந்த கதையை டிவியில் பார்த்து நானும் கண் கலங்கியவன்தான். அந்த ஆண்டில்தான் அரசின் உறுப்பு தானத் திட்டமும் தொடங்கியது. அன்றைக்குக் கண் கலங்கியபோது அந்த வரிசையில் ஒருநாள் நானும் நிற்பேன் என்று தெரியாது.

பக்கத்திலேயே ஸ்டான்லி இருக்கும்போது ஏன் ஊரைத் தாண்டித் தெற்கே போனாய் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று எங்கள் பாட்டிகள் சொன்ன அந்த ஸ்டான்லியில், டாக்டர் ஆர். சுரேந்திரன் குழு 2009-லேயே கல்லீரல் மாற்று அறுவையைத் தொடங்கிவிட்டது. நான் போகவில்லை. சொந்தக்காரர் ஒருவர் கைகாட்டிய டாக்டர் தெற்கே இருந்தார், அவ்வளவுதான். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே.

அறுவை நடந்த ராத்திரி எனக்கு நினைவில்லை. ஏக்கம் அதைப் பற்றியதல்ல, அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளைப் பற்றியது. வியாழன் என்றால் ஓபி. கல்லீரல் மாற்றியவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடு, காலை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவோம். டாக்ரோலிமஸ் என்கிற அந்த மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். உடம்பு புதுக் கல்லீரலை அந்நியன் என்று தாக்காமல் இருக்க அதுதான் காவல். 1984-ல் ஜப்பானில் த்ஸுகுபா பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. அதன் அளவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் மாத்திரை, பிறகு கேன்டீன் இட்லி, பிறகு வராந்தாவில் பேச்சு. உனக்கு எத்தனை, எனக்கு ஏழு, அய்யய்யோ எனக்கு நாலுதான் என்று டாக்ரோ அளவைப் பரீட்சை மார்க் மாதிரி ஒப்பிட்டுக்கொள்வோம். எல்லார் வயிற்றிலும் ஒரே தழும்பு. பென்ஸ் கார் முத்திரை மாதிரி மூன்று கோடு பிரியும், டாக்டர்களும் அதை அந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள். ‘கார்தான் வாங்க முடியல, முத்திரையாவது குத்திக்கினோம்’ என்பார் காசிமேட்டுப் படகுக்காரர். ஒவ்வொரு வியாழனும் சொல்வார். ஒவ்வொரு வியாழனும் சிரிப்போம்.

எனக்கு அறுவை செய்த டாக்டர் சார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘என்ன எண்ணூர், எப்படி இருக்கீங்க?’ என்பார். எர்ணாவூர் வேறு, எண்ணூர் வேறு என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஊரை அவர் விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தார். எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற நேரம், சாம்பல் பறக்கிற காற்று, எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு வைத்தியத்தின் பகுதி. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவைத்திருக்கிறவனுக்குத் தூசும் சாக்கடை நீரும் எமன். மாஸ்க் இல்லாமல் கடைக்குப் போகாதே, நண்டும் எறாவும் சாப்பிடு ஆனால் நன்றாக வேக வை, கருவாட்டில் உப்பு அதிகம், பம்ப்ளிமாஸ் தொடாதே அது மாத்திரை அளவை ஏற்றிவிடும் என்று அவர் சொல்லும்போது அதில் அறிவுரை வாசனை அடிக்காது. ‘உங்க ஊர்ல மீன் சாப்பிடாதேன்னு சொன்னா நீங்க என்கிட்ட பொய்தான் சொல்வீங்க’ என்று ஒருமுறை சிரித்தார். உண்மை.

ஒருநாள் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு படம் போட்டுக் காட்டினார். எனக்கு வந்த கல்லீரலில் ஒரு ரத்தக்குழாய் வழக்கமான இடத்தில் இல்லாமல் வேறிடத்திலிருந்து கிளைத்திருந்ததாம். அதை எப்படித் தைத்து இணைத்தார் என்று இரண்டு கோடு, ஒரு வளைவு. ‘இது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்’ என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பிற்பாடு அது வேடிக்கையாக இல்லை.

அவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போன செய்தியை ஆஸ்பத்திரி எங்களுக்குச் சொல்லவில்லை. வாட்ஸப்பில் வந்தது. அடுத்த வியாழன் போனபோது அறைக்கதவில் பெயர்ப்பலகை கழற்றிய இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள். கோஆர்டினேட்டர் மேடம், ‘டாக்டர்ஸ் டீமா வேலை செய்றோம் சார், கவலைப்படாதீங்க’ என்றார். கவலைப்படாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் யாராவது சொன்னால்தான் கவலை ஆரம்பிக்கும். படகுக்காரர் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். ‘அவரு கை பட்ட வவுறு சார் இது. வேற யாரையும் தொடவுட மாட்டேன்.’

கைராசி என்றால் மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்த ஏக்கம் படித்தவர்களுக்கும் உண்டு, பணக்காரர்களுக்கும் உண்டு. 1963-ல் டென்வரில் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்து பார்த்த தாமஸ் ஸ்டார்ஸ்ல், 1981-ல் பிட்ஸ்பர்க்குக்கு மாறினார். எண்ணூர் போலப் புகைபோக்கிகளின் ஊர் அது. பிறகு அந்தத் துறையே அவர் பின்னால் அந்த ஊருக்குப் போனது. நம்மூரில் டாக்டர் முகமது ரேலா, எங்கள் ஸ்டான்லியில் படித்தவர், லண்டன் கிங்ஸ் காலேஜில் பெயர் வாங்கித் திரும்பி வந்து பெரும்பாக்கம் குளோபலில் கல்லீரல் மாற்றை நடத்தினார். பிறகு 2018-ல் குரோம்பேட்டையில் தம் பெயரிலேயே ஆஸ்பத்திரி. இதய மாற்றுக்குப் பெயர்போன டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் 2019-ல் தம் குழுவோடு அடையாறு ஃபோர்ட்டிஸ் மலரிலிருந்து அமைந்தகரை எம்ஜிஎம்முக்குப் போனார். சில வருடம் கழித்து அந்த மலர் ஆஸ்பத்திரியையே எம்ஜிஎம் வாங்கிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சில பேருக்கு டாக்டர் போன இடத்துக்கு ஆஸ்பத்திரியும் பின்னாலேயே போகிறது. எங்களுக்குப் பஸ்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் இந்தக் கதை வேறு மாதிரி. அங்கே ஒருவர் போகும் நாள் காலண்டரில் முன்பே இருக்கிறது. ஓய்வு பெறும் வயது முன்பு 58, 2020-ல் 59, 2021-ல் 60 ஆக்கினார்கள். ஸ்டான்லியில் அந்தத் துறையை நிலைநிறுத்திக் காட்டிய சுரேந்திரன் பின்னாளில் மியாட் என்கிற தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கப் போனார். அவர் போனபின்னும் ஸ்டான்லியில் கல்லீரல் மாற்று அறுவை நடக்கிறது. அவரிடம் அறுவை செய்துகொண்ட எவரோ ஒரு தண்டையார்பேட்டைக்காரர் என்னைப் போலவே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அவருக்காவது மாத்திரை அங்கே இலவசம். ஸ்டான்லியை விட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு டாக்டரைத் தேடிப் போவது அவருக்குக் கைகூடுகிற காரியமா?

பின்தொடர்வது எல்லோராலும் முடிவதில்லை. படகுக்காரர் போனார், மச்சான் உதவியால் புது ஆஸ்பத்திரி ஃபீஸைச் சமாளிக்கிறார். அறுவைக்காகக் காத்திருந்த அம்மாள் ஒருவருக்குச் சிக்கல் பெரிது. 1994 சட்டப்படி உறுப்பு மாற்ற உரிமம் ஆஸ்பத்திரிக்குத்தான், டாக்டர் கைக்கு அல்ல. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். உறுப்புக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையை வைத்திருக்கிற அரசின் டிரான்ஸ்டான் பதிவும் ஆஸ்பத்திரி வழியாகத்தான். முதலமைச்சர் காப்பீடும் பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரியில் மட்டும் செல்லும். டாக்டரை நம்பி இடம் மாறினால் இத்தனையையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அந்த அம்மாள் இருந்த இடத்திலேயே இருந்து, புது டாக்டரிடமே அறுவை செய்துகொண்டார். நன்றாக இருக்கிறார். நானும் போகவில்லை. வேலையை விட்டவன், கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது பார்க்கிற டாக்டர் இளம் வயது அம்மா. கெட்டிக்காரர், பொறுமைசாலி, கம்ப்யூட்டரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். குறையே சொல்ல முடியாது, அதுதான் சங்கடம். ‘எர்ணாவூர் எங்க இருக்கு?’ என்று கேட்டார். சரியாக எர்ணாவூர் என்றுதான் சொன்னார். நானோ எண்ணூர் என்று தப்பாகக் கூப்பிட்டவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் சேர்ந்து எங்கள் தெருவுக்குள் வந்தது. சுவரில் கறுப்புக் கோடு, படகெல்லாம் பிசுபிசுப்பு. முழங்கால் வரை அதில் நின்று சாமான்களை மேலே தூக்கி வைத்தேன். அந்த மாதக் கடைசியில், 26-ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். இரண்டு தடவையும் சாரின் பழைய நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். இன்னொருவர் நோயாளியாகிவிட்ட பிறகு எந்த உரிமையில் கூப்பிடுவது? புது டாக்டரைக் கூப்பிட்டேன். பதறாமல் கேள்வி கேட்டு, காலில் புண் இருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லி, மறுநாளே வரவைத்துப் பார்த்தார். அவர் செய்ததெல்லாம் சரி. ஆனால் ‘ஏன் எண்ணூர், தண்ணியில கால வெச்சீங்களா?’ என்று திட்ட ஆள் இல்லை.

எங்கள் பக்கத்தில் போனவற்றின் பெயரைப் பிடித்துவைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. விம்கோ என்கிற தீப்பெட்டிக் கம்பெனி போய்விட்டது, விம்கோ நகர் என்று மெட்ரோ ஸ்டேஷன் நிற்கிறது. டாக்டர் விஷயத்தில் பெயர் மட்டும் போதாது. போன வருடம் எனக்குக் கண் மஞ்சளாகி, பித்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்றார்கள். கல்லீரல் மாற்றியவர்களுக்கு வரக்கூடியதுதான். ட்யூப் வைக்கும் முன் புது டாக்டர் கேட்ட முதல் கேள்வி: பித்தக்குழாயையும் ரத்தக்குழாயையும் எப்படி இணைத்தார்கள்? ஆபரேஷன் குறிப்பு எங்கே? ஆஸ்பத்திரி ரெக்கார்ட் அறையில் தேடினார்கள், கம்ப்யூட்டர் மாறிவிட்டது என்றார்கள், நாளைக்கு வா என்றார்கள். கடைசியில் என் மனைவி பீரோவில் ரேஷன் கார்டோடு சொருகி வைத்திருந்த அந்த மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினாள். இரண்டு கோடு, ஒரு வளைவு. டாக்டரம்மா அதைப் போனில் படமெடுத்து உள்ளே அனுப்பினார். குறிப்பு பிறகு கிடைத்தது, படம் சரியாகத்தான் இருந்தது.

உள்நோயாளி ரெக்கார்டை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்கிறது 2002-ஆம் வருட மருத்துவக் கவுன்சில் விதி. மாற்றி வைத்த கல்லீரல் இருபது, முப்பது வருடம் ஓடுகிறது. இந்த இரண்டு கணக்கும் எங்கேயும் ஒத்துப்போவதில்லை. அதே விதியில், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்ட் நகலைக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஒரு டாக்டர் போகிறார் என்றால் எங்கே போகிறார் என்றுகூடச் சொல்ல வேண்டாம், போகிறார் என்று ஒரு மாதம் முன்னால் எங்களிடம் சொல்லுங்கள். கடைசி வியாழக்கிழமை ஒன்று எங்களுக்குக் கிடைத்திருக்கும். வயிற்றில் தழும்பு உள்ளவர்களுக்கு: உங்கள் டாக்டர் இருக்கும்போதே ஆபரேஷன் குறிப்பின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள், இன்னொன்றைப் பக்கத்து வீட்டில், மாடியில் இருப்பவரிடம் கொடுத்து வையுங்கள். எங்கள் பக்கம் வெள்ளம் வரும்.