பாம்பு சுற்றிய கோல்

படையின் இலச்சினை என்றவுடன் வாளும் வேலும் சிங்கமும் கழுகுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயின், களத்திலே எவரையும் வீழ்த்தப் புகாது, வீழ்ந்தாரை எடுத்துக் காப்பதையே தொழிலாகக் கொண்ட படைப்பிரிவு எதனைத் தன் தொப்பியிற் சூடும்? பிரித்தானிய இராச மருத்துவப் படை சூடியது ஒரு கோலையும், அதனைச் சுற்றிய ஒற்றைப் பாம்பையுமே.

தமிழாசிரியர்க்குப் படைச் சின்னத்தோடு யாது தொடர்பு என வினவுவார் உளராகலாம். சொல்லுக்குப் பொருள் காண்பது நம் தொழில். சின்னமும் ஒருவகைச் சொல்லே. அதற்கும் பொருள் உண்டு; பொருளறியாது வழங்குமிடத்து வழுவும் உண்டு.

அக் கோல் கிரேக்கரின் மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிளேப்பியசுக்கு உரியது. எப்பிடோரஸ் முதலிய இடங்களில் இருந்த அவர் கோயில்களுக்கு நோயாளர் சென்று, இரவிலே துயின்று, நலம் வேண்டினர். அங்கே பாம்புகள் புனிதமாகப் பேணப்பட்டன. தோலுரித்துப் புத்துடல் பெறும் பாம்பு, பிணி நீங்கி எழும் மனிதனுக்கு ஏற்ற உவமையன்றோ?

இங்கிலாந்திலே மருத்துவ அதிகாரிகள் ஒரு பிரிவாகவும், அவர்க்குக் கீழ்ப் பணிசெய்தோர் வேறொரு பிரிவாகவும் இருந்தனர். விக்டோரியா மகாராணியார் 1898ஆம் ஆண்டில் இருவரையும் ஒரே படையாக இணைத்தார். ஏனைய அதிகாரிகளுக்கு ஒப்பான பதவிப் பெயர்களும் மருத்துவர்க்கு அப்பொழுதே கிட்டின. கோலைச் சூழ, நம்மவர் வாகை சூடியதுபோல மேனாட்டார் வெற்றிக்குச் சூடும் லோரல் மாலையும், மேலே முடியும் அமைந்தன. ‘இடுக்கணிலும் பற்று மாறாமை’ என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் விருதுவாக்கியமும் பொறிக்கப்பட்டது.

அவ்வாக்கியம் வெறும் அலங்காரமாய் நின்றுவிடவில்லை. அப்படையைச் சேர்ந்த நோயல் சவாஸ் என்னும் மருத்துவர் 1916இல் பிரான்சிலே குண்டுமாரிக்கிடையே காயமுற்றோரைத் தேடிச் சென்று காத்து, விக்டோரியாச் சிலுவை பெற்றார். அடுத்த ஆண்டில், பெல்ஜியத்திலே தாமே காயமுற்றிருந்தும் களத்தை விட்டகல மறுத்துப் பணிசெய்து, 1917 ஆகஸ்ட் 4ஆம் நாள் உயிர்நீத்தார். அவ்விருது இரண்டாம் முறையும் அவர்க்கே வழங்கப்பட்டது. அதனை இருமுறை பெற்றவர் உலகில் மூவரே. அவருள் இருவர், சவாசும் ஆதர் மார்ட்டின் லீக்கும், மருத்துவர் என்பது கருதத்தக்கது.

இனி, அமெரிக்கப் படையை நோக்குவோம். அங்கே மருத்துவப் பிரிவினர் 1902இல் ஏற்ற சின்னத்திற் பாம்புகள் இரண்டு. உச்சியிற் சிறகுகளும் உண்டு. அஃது அஸ்கிளேப்பியசின் கோலன்று. தேவதூதனாகிய ஹேர்மீஸின் கோல். அவனோ வணிகர்க்கும், கள்வர்க்குங்கூடக் காவற் தெய்வம்! மருத்துவர்க்கு இது பொருந்துமோ என அறிஞர் பலர் நகைத்தனர். தூதனைக் கொல்லலாகாதென்பது பண்டை அறம். ஆதலின் போரிடாது பணிபுரிவார்க்கு அதுவும் தகும் என அமைதி கூறினாரும் உளர்.

நம் கருத்து யாதெனின், வழு வழுவே. இரு கோல்களின் வேற்றுமையை அறிந்தே வழங்குதல் வேண்டும். எனினும், குண்டடிபட்டுக் கிடக்கும் போர்வீரன் தன்னை நோக்கி வருபவரின் கழுத்துப்பட்டியிலே பாம்பு ஒன்றோ இரண்டோ என எண்ணிப் பார்ப்பானல்லன். வருகிறாரா என்பதே அவன் அறிய விரும்புவது. வந்தவர்களாலேயே அச்சின்னமும் மதிப்புப் பெற்றது.

2024ஆம் ஆண்டு நவம்பரிலே இராச மருத்துவப் படை, பல் மருத்துவப் படையோடும் தாதியர் படையோடும் இணைந்து புதுப்பெயர் பூண்டது. 126 ஆண்டுகள் வழங்கிய பெயர் மறைந்தது. சவாசின் கல்லறையிற் பொறித்த இரண்டு சிலுவைகளும் மறையவில்லை.

யூபிலி காணும் இவ்வேளையில், நம் மாணவர் மார்பில் அணியும் கல்லூரிச் சின்னத்தையும் ஒருமுறை உற்று நோக்குவாராக. அதிலுள்ளவற்றின் பொருளைக் கற்பித்தல் ஆசிரியராகிய நம் கடன். அப்பொருளை மெய்யாக்குதல் அதனை அணிந்தவர், அணிந்து நீங்கிய பழைய மாணவர் ஆகிய யாவர்க்கும் கடன்.