மூச்சுக்குத் தடையில்லை

நுழையும்முன்
விளையாட்டில் வென்றவர்களைப் பற்றியும் தோற்றவர்களைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். களத்திற்கு வரவே இயலாமல் போனவர்களைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். அவர்களை நினைவுகூர்கிறது இக்கட்டுரை.

கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிவிடும். காய்ந்த தரையில் அடுப்புச் சாம்பலால் கோடு போட்டுச் சடுகுடு ஆடுவோம். ஆண்பிள்ளைகளோடு நானும் ஆடினேன். மூச்சுவிடாமல் பாடிச்சென்று இருவரைத் தொட்டுத் திரும்பிய நாளில், “என் தங்கச்சிக்கு மூச்சு ரொம்ப நீளம்” என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

நான் பருவமெய்திய ஆண்டில் அந்த ஆட்டம் நின்றது. எவரும் என்னை அதட்டவில்லை. “போதும் தாயி, இனிமே வீட்டு வேலையைப் பாரு” என்றார் அம்மா. மறுநாளும் அண்ணன் கண்மாய்க்குப் போனான். நான் குடத்தோடு கிணற்றுக்குப் போனேன். ஊர்ப் பொங்கல் விழாவிலும் ஆண்களுக்குக் கபடி, பெண்களுக்குக் கோலப்போட்டி என்றே அறிவிப்பார்கள். அதை யாரும் வினவியதில்லை, நானும் வினவவில்லை.

1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கபடி முதன்முதலாகப் பதக்க விளையாட்டாயிற்று, ஆடவர்க்கு மட்டும். அப்போது நான் கல்லூரி மாணவி. மகளிர் கபடி அங்கு இடம்பெற 2010ஆம் ஆண்டின் குவாங்சோ போட்டிகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டிலும் இந்தியாவே தங்கம் வென்றது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஆட்டத்தை விட்டுவிட்டுக் குடம் எடுத்தவர்கள் எத்தனை பேரோ!

2014ஆம் ஆண்டு புரோ கபடி லீக் தொடங்கியது. ஏலமும் விளம்பரமும் தொலைக்காட்சியும் கபடியைத் தேடி வந்தன. சிற்றூர் இளைஞர்கள் பலருக்கு விளையாட்டே பிழைப்பாயிற்று; இது பெரும்பேறுதான். ஆனால், சந்தை தனக்கு ஆதாயம் தெரியும் இடத்தில்தான் நிலைத்து நிற்கும். 2016ஆம் ஆண்டு மகளிர்க்கென மூன்று அணிகளோடு ஒரு போட்டி நடத்தினார்கள். ஆடவர் போட்டியைப் போல் அது தொடரவில்லை. மண்ணில் வெறுங்காலோடு ஆடிய ஆட்டத்திற்கு இன்று செயற்கை விரிப்பும் காலணியும் வேண்டியிருக்கின்றன. அவற்றை வாங்க இயலாத பள்ளியின் பிள்ளை, போட்டி தொடங்குமுன்பே பின்தங்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி மாவட்ட அணிக்குத் தேர்வானாள். காலணி இல்லை, ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தோம். களையெடுக்கப் போகும் அவள் தாய், “இருட்டுறதுக்குள்ள வீடு வந்துருவாளா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். உடற்கல்வி ஆசிரியை வீடுவரை கொண்டுவந்து விடுவதாகச் சொன்னதும் இசைந்தார். தடைகள் எல்லாம் நீங்கின என்று நான் மகிழ்ந்திருந்தபோது அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அம்மா, புதன்கிழமை விளையாட்டு வேளையை மட்டும் எங்களுக்கே விட்டுடுறீங்களா?”

பொதுத்தேர்வு நெருங்குகிறது என்று, அந்தப் பாடவேளையைப் பல வாரங்களாக இலக்கணம் நடத்த வாங்கிக்கொண்டவள் நான்தான். ‘போதும் தாயி’ என்று என் அம்மா சொன்னதையே வேறு சொற்களில் நானும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மாவுக்காவது ஊருக்கு அஞ்சவேண்டிய நிலை இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. அன்றுமுதல் எந்த வகுப்பின் விளையாட்டு வேளையையும் நான் கேட்டதில்லை.

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் களத்தின் ஓரத்தில் புத்தகப்பைகளுக்குக் காவலாக ஒருவர் அமர்ந்திருப்பார். ‘அவருக்கு ஆர்வமில்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அருகில் சென்று கேளுங்கள். காலணியோ, வீட்டு வேலையோ, ஊராரின் பேச்சோ அவரை அங்கு அமர்த்தியிருக்கலாம். கேட்டபின், பையை வாங்கி வைத்துவிட்டு அவரையும் ஆட்டத்திற்கு அழையுங்கள். கண்மாய்க் கரையில் என்னை அப்படி ஒருவர் அழைப்பார் என்று நான் நெடுநாள் காத்திருந்தேன்.