பதினோராவது வளைவு

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினோராவதில் முன்னால் போன பைக் சறுக்க, நான் குதித்து ஓடினேன். 'டேய், பஸ் வருதுடா!' என்று நண்பன் சட்டையைப் பிடித்து இழுத்தான். இல்லையென்றால் ஆம்புலன்ஸில் நானும் ஏறியிருப்பேன், பேஷன்ட்டாக!

அதனால மக்களே, முதல்ல மேலேயும் கீழேயும் ஆள் நின்று வண்டிகளை நிறுத்துங்க. உடனே 108-க்கு போன். வளைவு நம்பரையும் சொல்லுங்க. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்க. கழுத்தை அசைக்காதீங்க. தண்ணீர் கூடவே கூடாது (நான் பாட்டிலைத் திறந்தே விட்டேன்!).

போலீஸ் பயமா? மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்ந்த 134ஏ பிரிவு நம்ம பக்கம். 2020 விதிகளின்படி, உதவியவரிடம் பேர், விலாசம் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அந்த அண்ணன் முனகினார்: "தம்பி, உன் பேரு?"

சொன்னேன்.