படத்துக்கு முன்னால் நாட்காட்டி

மனித இனப்பெருக்கத்தைப் பத்தாம் வகுப்பில் நாம் உறுப்புகளின் படத்தில்தான் தொடங்குகிறோம். பாகம் குறித்தால் மதிப்பெண் நிச்சயம் என்பதால் பாதிப் பாடவேளை அதிலேயே போய்விடும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இந்தப் பாடத்தை நாட்காட்டியில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பள்ளி முடித்த கையோடு சிப்காட் வேலைக்கு வரும் பெண்கள் இங்கே ஏராளம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவளுக்குத் தன் உடலைப் பற்றிய கடைசிப் பாடம் பத்தாம் வகுப்போடு முடிகிறது.

14ஆம் நாள் அண்டம் விடுபடும் என்று மனப்பாடம் செய்தவளுக்கு, ஷிஃப்ட் மாறித் தூக்கம் கெட்டுச் சுழற்சி 35 நாளாக நீண்டால் ஒன்றும் புரியாது. அண்டம் விடுபட்ட பிறகு மாதவிடாய் வர ஏறக்குறைய 14 நாள். நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய பகுதிதான். கரும்பலகையில் 35 கட்டம் போட்டுப் பின்னாலிருந்து எண்ணச் சொன்னால், 21ஐ ஒட்டி விரல் தானாக நிற்கும். கட்டங்களை நீட்டினால் அதுவே கர்ப்பக் கணக்கு. கடைசி மாதவிடாயின் முதல் நாள் ஜனவரி 10 என்றால், 280 நாள் கழித்து அக்டோபர் 17 பிரசவத் தேதி. கரு உண்டாகாத முதல் இரண்டு வாரமும் இதில் அடக்கம். ஆகவே ‘நாள் தள்ளிப்போச்சு’ என்று தெரியும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழலோ ஆறாவது வாரம் முடிவதற்குள் மூடிக்கொள்கிறது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். எவ்வளவு அழகாக வரைந்தாலும் இந்த அவசரம் படத்தில் தெரியாது.

நாள் கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ‘பாதுகாப்பான நாள்’ பார்க்கத் தொடங்குவார்கள் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ‘பாதுகாப்பான நாள்’ என்ற நம்பிக்கையை உடைப்பதும் இதே கட்டங்கள்தான்: விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும், பின்னாலிருந்து எண்ணுவதற்கோ அடுத்த மாதவிடாய் வந்தாக வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தவள்தான் ஏமாறுகிறாள். தேர்வுக்கான படத்தையும் யாரும் விட்டுவிடச் சொல்லவில்லை. நாட்காட்டிக்கு ஒரு பாடவேளை போதும். பையன்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்தலாமே என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. நாளை மனைவியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் நர்ஸ் முதலில் கேட்பது கடைசி மாதவிடாய்த் தேதியைத்தான். லைனில் நிற்கும் கர்ப்பிணி உட்கார ஒரு ஸ்டூல் கேட்டால், சூப்பர்வைசராகப் பதில் சொல்லப்போவதும் அந்தப் பையன்களில் ஒருவனாக இருக்கலாம்.