வைப்பதோ, வழங்குவதோ?

கடைக்காரர் திருப்பித் தரும் சில்லறையை எண்ணாமலே பையிலிடுவோர் ஒரு வகையினர். எண்ணி இடுவோர் மற்றொரு வகையினர். எண்ணுவதோடு அமையாது, ஒவ்வொரு காசையும் முன்னும் பின்னும் திருப்பி, ஆண்டையும் அதனடியிலுள்ள சிறு குறியையும் உற்றுநோக்கி, பின்னால் நிற்பவரின் கனைப்பையும் பொருட்படுத்தாது நிற்போரும் சிலர் உளர். யாம் அச்சிலரைச் சார்ந்தோம். ஆண்டின் கீழ் விண்மீன் குறி இருப்பின் அக்காசு ஐதராபாத்துத் தங்கசாலையில் பிறந்தது. வட்டப் புள்ளி இருப்பின் நொய்டாவில் பிறந்தது. குறி யாதும் இல்லையேல் கொல்கத்தாவில் பிறந்தது. இவ்வளவும் அறிந்து பயன் என்னை என்று வினவுவார்க்கு விடை கூற எம்மால் இயலாது. ஆயினும் இவ்வழக்கம் உடையார்க்கு அடிக்கடி ஒரு சிறு வழக்கு வந்து வாய்க்கிறது: கைக்கு வந்த காசை வைத்துக்கொள்வதா, செலவிடுவதா?

ஒரு காசை எடுத்துக்கொள்வோம். 1995-ஆம் ஆண்டு தஞ்சையில் நிகழ்ந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மத்திய அரசார் திருவள்ளுவர் உருவம் பொறித்த காசுகளை வெளியிட்டனர். அவற்றுள் பதினொரு மூலைகளையுடைய இரண்டு ரூபாய்க் காசு ஒன்று, பல கைகளிற் பட்டுத் தேய்ந்து, ஒருநாள் எம் கையை அடைந்தது. சட்டத்தின் முன் அதன் மதிப்பு இரண்டு ரூபாயே. அசோகத் தூண் மட்டும் தாங்கிய அதன் உடன்பிறப்புக்களினும் ஓர் அணுவேனும் அது மிகாது. எனினும் வள்ளுவரைக் கொடுத்து வடை வாங்க மனம் ஒப்புமோ? இக்காலத்தில் இரண்டு ரூபாய்க்கு வடை கிடைக்குமோ என்பது வேறு கேள்வி.

ஓடுவதே காசின் தொழில் என்பார் கூற்றை முதற்கண் கேட்போம். அவர்கள் பக்கம் வரலாறு வலிமையாக நிற்கிறது. இரு வகைக் காசுகள் ஒரே மதிப்பில் வழங்குமாயின், உலோக மதிப்புக் குறைந்தது கடைத்தெருவில் திரிய, மிகுந்தது பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பது கிரெஷாம் விதி. பொருளியல் மாணவர் தேர்வுக்காக உருப்போடும் இவ்விதியை நம் நாட்டார் 1940-இல் மெய்ப்பித்துக் காட்டினர். அதுகாறும் வழங்கிய ரூபாய் ஒரு தோலா நிறையுள்ளது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பிரான்சு வீழ்ந்தது என்ற செய்தி எட்டியதும், மக்கள் நோட்டுக்களைக் கொடுத்து வெள்ளி ரூபாய்களாக மாற்றிப் பதுக்கலாயினர். தேவைக்கு மிஞ்சிக் காசு சேர்ப்பது குற்றம் என அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசினர் விதி செய்தனர். அடுத்த மாதமே ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. பின்னர் ரூபாயில் வெள்ளி பாதியாயிற்று. சில ஆண்டுகளில் வெள்ளி முற்றும் நீங்கி நிக்கல் புகுந்தது. செம்பும் அருமைப்பட்டமையால் 1943 முதல் நடுவில் துளையிட்ட காலணா அடிக்கப்பட்டது. ‘ஓட்டைக் காலணா’ என்று பாட்டிமார் சொல்லக் கேட்டவர் இன்றும் பலர் உளர். அக்காலத்தில் ஒருத்தி தன் முந்தானையில் முடிந்துவைத்தது நாலே ரூபாயாயிருக்கலாம். ஊரார் அனைவரும் முடிந்துவைத்தபோதோ சில்லறைக்குத் திண்டாட்டம் உண்டாயிற்று.

உலோகத்தின்மேல் உள்ள ஆசை அத்தோடு ஒழிந்ததும் இல்லை. நம் காசுகள் எல்லை கடந்து வங்காளதேசம் புக்கு, சவர அலகுகளாக மறுபிறவி எடுக்கின்றன என்று 2007-ஆம் ஆண்டில் செய்தித்தாள்கள் எழுதின. காசை உருக்குதலும் சிதைத்தலும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. ஓட விரும்பியும் ஓடமாட்டாத காசும் ஒன்று உண்டு. பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று எங்கிருந்தோ எழுந்த வதந்தியை மறுத்து, அதன் 14 வடிவங்களும் செல்லும் என ரிசர்வ் வங்கியார் 2018 ஜனவரியில் அறிவித்தனர். அவ்வறிவிப்புக்குப் பின்னும் அக்காசைக் கண்டு முகஞ்சுளித்த கடைக்காரரை யாம் கண்டதுண்டு. வைப்பதோ வழங்குவதோ என்னும் வினாவுக்கே ஆங்கு இடமில்லை. வாங்குவாரின்மையின் வைத்தே தீரவேண்டியதாயிற்று.

இனி, விலையை எண்ணி வைப்போர் உளர். பழைய காசொன்றுக்கு இலட்சம் ரூபாய் தருவதாக வரும் விளம்பரங்களைக் கண்டு அலமாரிகளைக் கவிழ்த்துத் தேடும் நண்பர்க்கு யாம் சொல்லக்கூடியது ஒன்றே: ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இத்தகைய வாணிகம் செய்யும் மோசக்காரரைக் குறித்து அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட காசு பழமையால் மட்டும் அருமை பெறாது. ஒருகால் அருமையுடையதே கிடைத்தாலும், நம் வீட்டார் அதனைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கித் தருவர். மேற்பரப்புப் போயிற்று, விலையும் போயிற்று! 25 பைசாவும் அதற்குக் குறைந்தனவும் 2011 ஜூன் 30-இல் செல்லாக் காசாயின. அதற்குமுன் செலவிட்டவர் கால் ரூபாய்ப் பயன் பெற்றனர். வைத்திருந்தவர் கையில் உலோகமே எஞ்சிற்று. தாமரை பொறித்த பழைய 20 பைசாவைப் பூசையறையில் வைத்திருப்போர் கதை வேறு. அவர்கள் அதனைக் காசாகவே கருதுவதில்லை.

இவ்வாறெல்லாம் எண்ணி, ‘எல்லாவற்றையும் செலவிட்டு விடுவோம்’ என்று தீர்மானிக்கும் வேளையில், கொங்கு நாட்டு மண் எம்மை மறித்து நிற்கிறது. கோவையை அடுத்த வெள்ளலூரிலும், கரூரிலும், பிற இடங்களிலும் உரோமாபுரி வெள்ளிக்காசுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் அகுஸ்து இராயனுடையனவும் திபேரியு இராயனுடையனவும் மிகுதி. வரி கொடுத்தல் பற்றிய வினா எழுந்தபோது எருசலேமில் இயேசு பெருமானுக்குக் காட்டப்பட்ட காசு திபேரியுவின் வெள்ளிக்காசே என நாணய நூலார் பலர் கருதுவர். அவ்வினத்துக் காசு மிளகும் மணியும் நாடி வந்த வணிகரோடு கடல் கடந்து நம் நாட்டை அடைந்தது என்பதை நாம் எவ்வாறு அறிந்தோம்? பெயர் தெரியாத ஒருவன் பானையிலிட்டுப் புதைத்து, எக்காரணத்தாலோ மீண்டும் தோண்ட வாராமற் போனமையால் அறிந்தோம். செலவிடப்பட்டவை உலையில் உருகி யாருடைய காதணியாகவோ போயிருக்கும். தன் தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியக்காரன் கடிந்துகொள்ளப்பட்டதை அறியாதார் இக்கல்லூரியில் இரார். ஆயினும் வெள்ளலூரில் புதைத்தவனைக் கடிய எமக்கு நா எழவில்லை.

ஆதலின் யாம் ஒரு நடுவழி வகுத்துக்கொண்டோம். ஒவ்வொரு வகையிலும் ஒன்று வைப்போம். இரண்டாவது வருமாயின் செலவிடுவோம். முன்னதினும் பின்னது தெளிவாயிருப்பின் மாற்றிக்கொண்டு முன்னதைச் செலவிடுவோம். இவ்விதி சந்தையிற் செவ்வையாக நடந்தது. ஆலயத்திலோ முட்டுப்பட்டது.

ஒரு ஞாயிறன்று காணிக்கைப் பணம் எண்ணும் பணியில் இருந்தபோது, தஞ்சைப் பெரியகோயிலின் ஆயிரமாண்டு நிறைவைக் குறித்து 2010-ஆம் ஆண்டிட்டு வெளிவந்த ஐந்து ரூபாய்க் காசொன்று குவியலினின்று உருண்டு வந்தது. சிவன் கோயிற் காசு கிறிஸ்தவ ஆலயக் காணிக்கையில் வந்தமையே ஒரு சுவை. எம்மிடம் அவ்வகை இல்லை. உடனிருந்து எண்ணிய நண்பர், “ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஆலயத்துக்கு நட்டம் என்ன?” என்றார். நட்டமில்லைதான். ஆயின் எமக்கு அக்காசு ஐந்து ரூபாயினும் மிகுதியாகத் தோன்றாதிருப்பின் யாம் அதனை விரும்பியிரோம். மிகுதியாகத் தோன்றுமாயின், ஐந்து இடுவது எவ்வாறு ஈடாகும்? கடையில் தருபவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர், இருவரும் கண்ணுடையார். காணிக்கை மேசையிலோ தருபவரும் யாமே, பெறுபவரும் யாமே. நண்பர் இதனை வீண் நுணுக்கம் என்றார். இன்றும் அவ்வாறே கூறுகிறார். காசு வங்கிப் பையிற் புகுந்தது. அத்தகைய காசு பிறகு எம் கைக்கு வந்திலது.

அன்று தொட்டுக் கடையிலும் எமக்கு ஒரு கூச்சம் உண்டாயிற்று. அண்மையில் எம் தெருவிற்குக் கீரை கொண்டுவரும் மூதாட்டி மீதிச் சில்லறையாகக் காமராசர் நூற்றாண்டு நினைவுக் காசைத் தந்தார். 2003-ஆம் ஆண்டிட்டது, ஐந்து ரூபாய். அதுவும் எம்மிடம் இல்லாததே. “அம்மா, இக்காசு எளிதில் கிடைப்பதன்று, சேர்ப்பவர் சற்றுக் கூடுதலாகவும் தருவர். யாம் பத்து ரூபாய் தருகிறோம்” என்றோம். அவர் அதனை வாங்கிக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். “காமராசரா இது? இவர் போட்ட சோற்றுக்காகத்தானே ஐயா நான் பள்ளிக்கூடம் போனேன்!” என்று கூறி, இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, அக்காசை உள்ளே வைத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு, வேறு ஐந்து ரூபாயை எம் கையில் வைத்தார். திருப்பிப் பார்த்தோம், புள்ளியிட்ட நொய்டாக் காசு. அது அன்று மாலையே தேநீருக்குச் சென்றது.